ஆறுமணிக்குருவிகள் விழுந்த காலை

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். வயிற்றுக்குள் கன்று குறுக்கே கிடந்தால் எப்படித் திருப்புவது, உப்பிய மாட்டுக்கு முதலில் என்ன செய்வது என்பதெல்லாம் கல்லூரியில் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தூத்துக்குடியில் நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு நாள் முழுக்க இரண்டு தரப்பு என்னிடம் ஒரே ஒரு சொல்லைக் கேட்டு நின்றது. ஒரு தரப்புக்கு ‘ஆமாம்’ வேண்டும். இன்னொரு தரப்புக்கு ‘இல்லை’ வேண்டும். என்னிடம் இரண்டுமே இல்லை.

அக்டோபர் மாதம். குலசேகரன்பட்டினம் தசரா நெருங்கியிருந்தது. எங்கள் கால்நடை மருந்தகத்தின் உதவியாளர் முத்துக்குமார் மாலை போட்டிருந்தார். சிவப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றி நிறையக் குங்குமம். அன்று காலை நான் வந்து இறங்கும்போதே போனும் கையுமாக வாசலில் நின்றார்.

“அம்மா, ஹார்பர் ரோட்டுல ஒரு குடோன்லேர்ந்து பேசுதாவ. பறவை பூரா செத்து விழுந்து கெடக்காம். பறவைக் காய்ச்சலான்னு கேக்காவ.”

“என்ன பறவை?”

“தெரியலைங்காவ. கலர் கலரா இருக்காம்.”

பாதுகாப்பு உடைகள் இருந்த பையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பினேன். காரணம் உண்டு. முந்தைய நாள்தான் முத்தையாபுரத்தில் செல்வராணி என்ற பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அவர் வளர்த்த கோழிகள் ஒன்று விடாமல் செத்துப்போயிருந்தன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கடைசியில் கழுத்துத் திருகல். பார்த்தால் கோழிகளுக்கு வழக்கமாக வரும் வெள்ளைக்கழிச்சல் நோய் போலத்தான் இருந்தது. ஆனால் பறவைக் காய்ச்சலும் சில சமயம் இதே முகத்தோடுதான் வரும். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரட்டும் என்று சொல்லியிருந்தேன். மறுநாளே, கூப்பிடு தூரத்தில், காட்டுப் பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன என்றால் யாருக்குத்தான் இரண்டும் ஒன்று என்று தோன்றாது? எனக்கும் தோன்றியது.

குடோன் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. சுமை ஏற்றுபவர்கள் உள்ளே போக மறுத்து, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ எடுத்த வீடியோ அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. மேலாளர் கார்த்திக் ஓடி வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

“மேடம், இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கப்பல் காத்துட்டு நிக்குது. நீங்க சொன்னாத்தான் இவங்க உள்ளே வருவாங்க.”

“நான் இன்னும் பறவையையே பார்க்கலையே.”

பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டேன். முத்துக்குமார் பக்கம் பூட்ஸை நீட்டினேன். அவர் தயங்கினார். “மாலை போட்டிருக்கேம்மா. காலுல எதுவும் போடக்கூடாது.”

“அப்போ நீங்க உள்ளே வரக்கூடாது. வெளியே நின்னு கூட்டத்தைப் பாருங்க.”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எத்தனையோ வருடம் என் பக்கத்திலேயே நின்று வேலை செய்தவர். ஆனால் அவருடைய விரதத்தை உடைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை; வெறுங்காலோடு உள்ளே விடவும் எனக்கு உரிமை இல்லை. ஆள் தெரிந்தவர் என்பதற்காக அந்த எல்லைக்கோட்டை அழிக்காதீர்கள்.

உள்ளே போய்ப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆறுமணிக்குருவி. மைனா அளவுதான் இருக்கும்; வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. பச்சை முதுகு, கண்ணை மூடிக் கட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை, சிறகில் பளிச்சென்று நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. சில ஊர்களில் தோட்டக்கள்ளன் என்பார்கள். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். அதனால்தான் இந்தப் பெயர். மற்ற நேரத்தில் மரத்தடி நிழலில் சருகைப் புரட்டிப் புழு தின்றுகொண்டு, இருக்கும் இடம் தெரியாமல் இருக்கும்.

இது நம் ஊர்ப் பறவை அல்ல, விருந்தாளி. வடக்கே, மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குளிர் தொடங்குமுன் தெற்கே கிளம்பிவிடும். பகலெல்லாம் தரையில் தத்தித் திரியும் இந்தப் பறவை, வலசை மட்டும் இரவில் போகும். கொஞ்சம் நம் பக்கம் தங்கும். கொஞ்சம் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகும். வந்து சேரும்போது உடம்பில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. வீட்டு வராந்தாவில், பள்ளிக்கூடக் கழிவறையில், எங்கே இறங்கினோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் நான் படித்திருந்தேன். இத்தனை பறவைகளை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

கார்த்திக் கொஞ்ச தூரத்தில் நின்றபடி கேட்டார். “ஒண்ணை அறுத்துப் பார்த்துடலாமே மேடம்? உடனே தெரிஞ்சிடாதா?”

என் கையும் துறுதுறுத்தது. ஆனால் பறவைக் காய்ச்சல் சந்தேகம் இருக்கும் இடத்தில் செத்த பறவையைத் திறக்கக்கூடாது. திறந்தால், நோய் இருந்தால், நானே அதைப் பரப்பியவள் ஆவேன். முழுசாகக் கட்டி ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அவசரம் நம்மைப் பிடித்துத் தள்ளும்போது கத்தியை எடுப்பது சுலபம்; உறைக்குள்ளேயே வைத்திருப்பதுதான் கஷ்டம்.

அதனால் பறவையை விட்டுவிட்டு இடத்தைப் பார்த்தேன். அலுவலகக் கட்டடத்தின் வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. செத்தவை எல்லாம் அதன் அடியில் ஒரே பட்டையாகக் கிடந்தன. மற்ற மூன்று பக்கமும் சுற்றி வந்தேன். ஒன்றுகூட இல்லை. நிமிர்ந்து பார்த்தால் தூசி படிந்த கண்ணாடியில் அங்கங்கே மங்கலான அச்சு. விரித்த இரண்டு சிறகு, நடுவில் ஒரு நெஞ்சு. பறவை மோதிய இடத்தில் அதன் உருவம் அப்படியே ஒட்டியிருந்தது.

“ராத்திரி இந்த விளக்கெல்லாம் எரியுமா?”

“விடிய விடிய எரியும் மேடம். யார்டு லைட், ஆபீஸ் லைட் எல்லாம்.”

முந்தின இரவு தூறலும் தாழ்ந்த மேகமும் இருந்தன. வடக்கிலிருந்து வந்த கூட்டம் நட்சத்திரம் தெரியாமல் வெளிச்சத்தைப் பார்த்து இறங்கியிருக்கிறது, கண்ணாடியில் மோதியிருக்கிறது. மோதாமல் தப்பியவை பக்கத்திலிருந்த வடக்கு குடோனுக்குள் அட்டைப் பெட்டிகளின் இடுக்குகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன; தெற்கு குடோனில் ஒன்றும் இல்லை. கையில் எடுத்தால் நெஞ்செலும்பு கத்திபோலக் குத்தியது. சதையே இல்லை. ஆனால் கழிச்சல் இல்லை, மூக்கில் நீர் இல்லை, கழுத்துத் திருகல் இல்லை. செத்த குருவிகளைக் கொத்திய காக்கைகள் மதில்மேல் நன்றாகவே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன.

என் மனதில் ஒரு முடிவு ஏறக்குறைய வந்துவிட்டது. அந்த ‘ஏறக்குறைய’தான் சிக்கல். நோயில் தளர்ந்த பறவையும் கண்ணாடியில் மோதலாம். காக்கைகளுக்கு நோய் நாளைக்கும் வரலாம்.

வாசலில் சத்தம் கேட்டது. செல்வராணி தெருக்காரர்களோடு வந்து நின்றார். முத்துக்குமார் கையை விரித்து மறித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரம்மா, நீங்க நேத்து தெரியலைன்னு சொல்லிட்டுப் போனிய. இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல? முன்னாடியே வந்த இந்தக் குருவிதான் கொண்டாந்திருக்கு. என் கோழி பூராத்தையும் கொன்னுபோட்டு. உயிரோட கெடக்கதையும் அடிச்சுப் பொதைங்க. இல்லைன்னா ஊரே போயிரும்.”

இந்தப் பக்கம் கார்த்திக். “மேடம், இல்லைன்னு சொல்லிடுங்க. உங்களுக்கே தெரியுது, கண்ணாடியில் மோதினதுதான்.”

இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் வளர்த்ததை இழந்தவர். இன்னொருவர் தலைமேல் கப்பல் நிற்கிறது. அவர்கள் கேட்ட சொல்லைக் கொடுத்தால் இரண்டில் ஒரு பக்கம் அமைதியாகிவிடும். அந்த ஆசை எனக்கும் வந்தது.

“எனக்குத் தெரியாது” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கூட்டம் இரைந்தது. உடனே தொடர்ந்தேன். “தெரியாதப்போ என்ன செய்யணும்னு தெரியும். அதைச் செய்யப் போறேன். கண்ணாடிப் பக்கம் கயிறு கட்டி, மருந்து தெளிச்சு மூடிடறோம். அங்கே யாரும் போகக்கூடாது. தெற்கு குடோன்ல ஒரு பறவையும் இல்லை; அங்கே வேலை நடக்கட்டும். முத்தையாபுரத்துல யாரும் கோழியை வெளியே விடாதீங்க, விக்காதீங்க, வாங்காதீங்க. செத்த குருவி ஆய்வகத்துக்குப் போகுது.”

‘தெரியாது’ என்பதோடு நீங்கள் நிறுத்திவிட்டால் மக்கள் உங்களை விட்டுவிட்டு வீடியோவை நம்புவார்கள். அதற்குப் பின்னால் வரும் வாக்கியம் தயாராக இருக்க வேண்டும். நான் சொன்னதில் இரண்டு தரப்புக்கும் திருப்தி இல்லை. ஆனால் சுமைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து தெற்கு குடோன் பக்கம் நடந்தார்கள். செல்வராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

உயிரோடு இருந்தவற்றை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில் தனித்தனியாக வைத்து, ஒரு காலி அறையை இருட்டாக்கி அங்கே அடுக்கினோம். மதியத்துக்குள் ஒரு பெட்டியில் சத்தம் நின்றிருந்தது. திறந்து பார்த்தேன். உயிர் போய்விட்டிருந்தது. இந்தப் பறவை பெட்டிக்குள் இரை எடுக்காது. ஆய்வக முடிவு வர நாட்கள் ஆகும். அதுவரை வைத்திருந்தால் எல்லாம் இப்படித்தான் முடியும்.

எங்கள் இணை இயக்குநரைப் போனில் பிடித்தேன். நிதானமான மனிதர்.

“ரிசல்ட் வராம எப்படிம்மா விடறது? விட்ட பிறகு பாசிட்டிவ்னு வந்தா?”

அவர் கேட்டது சரியான கேள்வி. அதே கேள்வியைத்தான் நானும் காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சார், இங்கே விழுந்தது கொஞ்சம். விழாம மேலே பறந்து போனது எத்தனைன்னு யாருக்கும் தெரியாது. அதெல்லாம் இப்போ ஏதோ ஒரு புதர்ல இறங்கியிருக்கும். நோய் இருந்தா ஏற்கெனவே வந்துடுச்சு. இந்தப் பெட்டியைப் பூட்டி வைக்கறதால நோய் நிக்காது, பறவை மூச்சுதான் நிக்கும். பக்கத்துல கோழி வளர்க்காத இடமாப் பார்த்து விடறேன். மாதிரி எடுத்தாச்சு.”

இணை இயக்குநர் இறங்கி வந்தார்.

“காட்டுப் பறவை. வனத்துறை ஒத்துக்கணும். அவங்க சரின்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா முடிவு உங்களுது, ஞாபகம் வெச்சுக்குங்க.”

“என்னுதுதான் சார்.”

சொல்லும்போது குரல் தைரியமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு பயம் வந்தது. இதை உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. பயப்படுவதால் முடிவு தவறாகிவிடாது.

வனத்துறை சரி என்றது; வனவர் மாலையில் வந்தார். உப்பளங்களைத் தாண்டி, வீடுகளே இல்லாத ஓர் உடைமர முள்காட்டுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோனோம். வெயில் இறங்கியிருந்தது. பெட்டிகளைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்தோம். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒன்று விளிம்பில் ஏறி, நீண்ட கால்களால் கீழே குதித்து, குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டியது. ஒரு சருகைப் புரட்டியது. அடியில் கிடந்த எதையோ எடுத்து விழுங்கியது. நோயில் சாகப்போகிற பறவை அப்படி அவசரமாகச் சாப்பிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றாக இறங்கிப் புதருக்குள் போயின. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். இன்னொரு புதரிலிருந்து பதில். முத்துக்குமார் வெறுங்காலோடு, தூரத்து வண்டிப் பக்கத்திலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரே ஒரு குருவி மட்டும் போகவில்லை. இடது சிறகு தொங்கியது. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். மருந்தகத்தின் பின்னால் இருந்த தனி அறையில் அதை வைத்தேன். மண்புழு போட்டேன், பார்க்கவில்லை. கடையில் விற்கும் புழுக்களை வாங்கிப் போட்டேன், தொடவில்லை. மறுநாள் அதன் கண் பாதி மூடியிருந்தது.

செல்வராணி வீட்டில், காலியான பஞ்சாரக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பானை கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்திருந்தேன். கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் செய்வதுதான். சாணமும் பழைய சாக்கும் ஓலையும் போட்டு, தண்ணீர் தெளித்து மண்ணில் கவிழ்த்தால் விடிவதற்குள் உள்ளே கறையான் ஏறிவிடும். காட்டில் ஆறுமணிக்குருவியும் விரும்பித் தின்பது அதைத்தான். ஊரில் வேறு யாரிடமும் கேட்கலாம்தான். ஆனால் கோழி வைத்திருக்கும் எந்த வீட்டுக்குள்ளும் நான் அப்போது போகக்கூடாது. கோழியே மிஞ்சாத வீடு அது ஒன்றுதான்.

வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் செல்வராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என் கோழியக் கொன்னதுக்கு நானே தீனி குடுக்கணுமாக்கும்?”

“அது கொன்னுச்சான்னு எனக்குத் தெரியாதும்மா. உங்களுக்கும் தெரியாது. முடிவு வந்தாத்தான் தெரியும். முடிவு வர்றதுக்குள்ள அது பட்டினியில போயிடும்.”

“போவட்டும்.”

“சரிம்மா” என்று திரும்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன்.

“நில்லுங்க.”

உள்ளே போனார். வரும்போது ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் சாக்குத் துண்டும் அதில் அப்பிக் கிடந்த கறையானும் இருந்தன. கையை எட்டி நீட்டித் தரையில் வைத்தார்.

“கவுத்தி வெச்ச பானையில அது பாட்டுக்கு ஏறிட்டுத்தான் இருக்கு. திங்கக் குஞ்சு இல்ல. கொண்டுபோங்க.”

வாளியை அறைக்குள் தட்டிவிட்டுக் கதவிடுக்கில் பார்த்தேன். குருவி தலையைச் சாய்த்தது. ஒரு தத்து. பிறகு கொத்தத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் மருந்தக மதில்மேல் ஒரு வாளி இருக்கும். யார் வைத்தது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு போன் மணிக்கும் ஆய்வகமா என்று ஓடினேன். முடிவு வந்தபோது மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டிலும் பறவைக் காய்ச்சல் இல்லை. கோழிகளுக்கு வந்தது வெள்ளைக்கழிச்சல். குருவிகள் செத்தது அடிபட்டு.

இணை இயக்குநர் போனில் “நல்லது” என்று மட்டும் சொன்னார். கார்த்திக்கை நானே நேரில் போய்ப் பார்த்தேன். அந்தக் கண்ணாடிச் சுவரை அவரோடு நின்று பார்த்தேன். அச்சுகள் இன்னும் இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். அந்த வாரமே கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டார். யார்டு விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்ப மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கினார். அடுத்த அக்டோபரில் அங்கே விழுந்தவை மிகக் குறைவு. அதற்கடுத்த வருடம் பக்கத்துக் குடோன்காரர்களும் திரை போட்டார்கள். முத்தையாபுரத்தில் தெருத் தெருவாகப் போய்க் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டோம். எங்களுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர் செல்வராணி.

ஒன்றை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முடிவு சாதகமாக வந்ததால் என் தீர்மானம் சரியாகிவிடவில்லை. பாசிட்டிவ் என்று வந்திருந்தாலும் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததை வைத்து அதையேதான் செய்திருப்பேன். வந்த கேள்விகளுக்கும் நின்று பதில் சொல்லியிருப்பேன். முடிவு வருவதற்கு முன்பே இதைச் சொல்ல முடிகிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடிந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

சிறகு சரியான குருவியை விடும் நாள் வந்தது. சாயர்புரம் பக்கம் பழைய மரங்கள் அடர்ந்த ஒரு தோப்பை வனவர் சொன்னார். தரையில் சருகு கணுக்கால் ஆழம் கிடக்கும் இடம். செல்வராணியிடம் சொன்னேன், வருவார் என்று நான் நினைக்கவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். பஸ்ஸில் பெட்டியை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டார்.

மரத்தடியில் உட்கார்ந்தோம்; பெட்டியை அவரே திறந்தார். குருவி பறக்கவில்லை. இறங்கி, இரண்டு தத்து தத்தி நின்றது. வெயில் பட்டதும் சிறகின் நீலம் பளிச்சிட்டது.

“இது இனி இங்கனயேதானா?”

“சித்திரை வரைக்கும். அப்புறம் வடக்கே போயிடும். இமயமலைப் பக்கம்.”

“இம்புட்டுக்காணும் இதா அம்புட்டு தூரம் போவும்?” என்று கையைக் குவித்துக் காட்டினார். பிறகு குவித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவி சருகுக்குள் போய்விட்டது. அதைப் பார்க்க முடியவில்லை. சருகு மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பி விழுந்துகொண்டிருந்தது. ரோட்டில் தூத்துக்குடி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

செல்வராணி எழுந்திருக்கவில்லை. கண்ணை எடுக்காமலேயே என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

“இருங்க டாக்டரம்மா. அடுத்த பஸ்ல போவோம்.”